சுடாத இறைச்சியின் புகைமணம்: சிப்ஸ் சுவை பார்ப்பவர் கேட்ட மஸ்அலாக்கள்

உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஐரோப்பிய நகரம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கின்றார். உருளைக்கிழங்கு சிப்ஸ் தயாரிக்கும் கம்பெனியில் சுவை மதிப்பிடும் பிரிவில் அவருக்கு வேலை. சிறு சிறு கிண்ணங்களில் சிப்ஸை வைத்து, பெயர் எதுவும் எழுதாமல் மூன்று இலக்க எண் ஒன்றை மட்டும் ஒட்டிக் கொடுப்பார்களாம். அதைச் சுவைத்து, மிகவும் வெறுக்கிறேன் என்பது முதல் மிகவும் விரும்புகிறேன் என்பது வரை ஒன்பது படிகளில் எந்தப் படி என்று குறிக்க வேண்டும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அடுத்த கிண்ணத்திற்குப் போக வேண்டும். இந்த ஆண்டு வழக்கத்திற்கு மாறான பார்பிக்யூ சுவைகளைச் சோதிக்கிறார்களாம். கொரிய பார்பிக்யூ, தேன் பார்பிக்யூ, விஸ்கி பார்பிக்யூ, புகையூட்டிய பன்றியிறைச்சிச் சுவை என்று பட்டியல் நீள்கிறது.

சென்ற மாதம் சோதனை முடிந்து எண்களுக்குரிய பெயர்களை வெளியிட்டபோதுதான், தாம் உண்ட ஒரு கிண்ணத்தில் உண்மையான பன்றியிறைச்சிப் பொடி கலந்திருந்தது என்று அவருக்குத் தெரியவந்தது. இதை ஊரிலிருக்கும் தாயாரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார், “அந்தச் சம்பளத்திலிருந்து எனக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதே” என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து பணத்தைத் தனியே வைத்திருக்கிறாராம். “ஹஜ்ரத், நான் வேலையை விட வேண்டுமா? உண்டதற்கு என்ன பரிகாரம்? சுவைத்துவிட்டுத் துப்பினால் கூடுமா? ரமளானில் என்ன செய்வது? அல்லாஹ்வின் ரிஸ்கிற்குக் குறைந்த மதிப்பெண் போடுவது உணவைக் குறை கூறுவதாகுமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

ஐந்தும் நல்ல கேள்விகள். சிப்ஸ் தின்பவர் நம்மில் யார்தான் இல்லை? ஆகவே அவருக்கு மட்டும் தனிக் கடிதமாக எழுதாமல் பாடமாகவே எழுதுகிறோம்.

முதலில், சட்டம் சொல்லுமுன் பொருள் இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும். பொருளை அறியாமல் ஃபத்வா சொல்வது, நோயாளியைப் பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

பார்பிக்யூ என்பது கரீபியன் தீவுகளின் பழங்குடியினர், மரச்சட்டத்தின் மேல் இறைச்சியை வைத்து நெருப்பிலும் புகையிலும் வாட்டிய முறை. ஸ்பானியர் அதை பார்பகோவா என்று அழைத்தனர். அது ஆங்கிலத்தில் பார்பிக்யூ ஆயிற்று. அமெரிக்காவில் இதற்கு ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. கரோலினாப் பகுதியில் பன்றி, அதற்குப் புளிக்காடி கலந்த குழம்பு. டெக்சாஸில் மாட்டிறைச்சி. கான்சாஸ் சிட்டியில் தக்காளியும் சர்க்கரைப்பாகும் சேர்ந்த இனிப்புக் குழம்பு. சிப்ஸ் பாக்கெட்டில் ‘பார்பிக்யூ’ என்றிருப்பது பெரும்பாலும் இந்தக் கான்சாஸ் குழம்பின் சாயலே. சிப்ஸுக்குச் சுவைப்பொடி தூவும் வழக்கமே 1950-களில் பரவியது. அயர்லாந்தில் பாலாடைக்கட்டி, வெங்காயச் சுவையில் சிப்ஸ் வந்தது 1954-இல்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது? நாம் நான்கு பாக்கெட்டுகளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். (அந்த எழுத்தின் சிறுமையைப் பார்த்தால், படிக்கப்படக் கூடாது என்பதற்காகவே அச்சிட்டது போலிருக்கிறது.) சர்க்கரை, உப்பு, தக்காளிப் பொடி, வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, மிளகாய், சோள மாவிலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின், சுவையைத் தூண்டும் உப்புகள், புகைமணம். இறைச்சி என்பது நான்கில் ஒன்றிலும் இல்லை. சுட்ட இறைச்சியின் நினைவைத் தருவது புகையும் சர்க்கரையும்தான்.

அந்தப் புகையும் அடுப்பிலிருந்து நேரே வருவதன்று. மரத்தூளைக் குறைந்த காற்றில் கருக்கி, எழும் புகையைக் குளிரச் செய்து நீராக்கி, தாரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய நீரைப் பொடியில் ஏற்றுகிறார்கள். கான்சாஸ் சிட்டியில் எர்னஸ்ட் ரைட் என்ற மருந்துக்கடைக்காரர் 1895-இல் இதை வியாபாரப் பொருளாக்கினார். புகைக்கு ஏற்ற மரம் என்று அமெரிக்கர் கொண்டாடும் மெஸ்கீட், நம் இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. நம்மவர் கரிமூட்டம் போட்டுக் கண்ணெரியச் சுவாசிக்கும் புகையின் சகோதரனை அங்கே சிப்ஸில் தூவிக் காசாக்குகிறார்கள்!

மரம் தூய்மையான பொருள். அதன் புகையும் தூய்மையே. ஆதலால் ஹலால், ஹராம் என்ற வகையில் புகைமணத்தில் பேச்சில்லை. ஆனால் திருமறை (2:168) உண்ணச் சொல்வது ஹலாலை மட்டுமன்று, ஹலாலாகவும் தய்யிபாகவும் உள்ளதை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எட்டுப் புகைமணப் பொருட்களை 2023-இல் ஆராய்ந்து, உயிரணுவின் மரபுப் பொருளுக்கு அவை கேடு செய்யும் என்ற ஐயத்தை நீக்க முடியவில்லை என்றது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது; சிப்ஸ், குழம்பு போன்றவற்றுக்கு இரண்டாண்டும், புகையூட்டிய மீன், இறைச்சி, பாலாடைக்கட்டிக்கு ஐந்தாண்டும் அவகாசம் தந்தது. ஒரு பாக்கெட் தின்றவருக்கு இதனால் கேடு வரும் என்று எவரும் சொல்லவில்லை. நாள்தோறும் பத்துக் கிண்ணம் சுவைப்பவர் இதைக் கவனத்தில் வைப்பது நலம்.

இனி சட்டத்திற்கு வருவோம்.

இரண்டு அஸ்லுகள்

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் அடிப்படை ஒன்று. நிலத்தில் விளையும் உணவில் அஸ்லு, அதாவது அடிப்படை நிலை, ஆகுமானது என்பது. விலக்கு உண்டு என்று உறுதியாகத் தெரியும் வரை அது ஹலாலே. இறைச்சியில் அஸ்லு அதற்கு நேர்மாறு. முறைப்படி அறுக்கப்பட்டது என்று தெரியும் வரை அது கூடாது. சிப்ஸ் விஷயத்தில் குழப்பம் எழுவதெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைவதால்தான்.

கிழங்கும் எண்ணெயும் உப்பும் மிளகாயும் சேர்ந்த சிப்ஸை ஒருவர் கையில் கொடுத்தால், ‘இதில் ஏதாவது கலந்திருக்குமோ’ என்று துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்டு, கிடைத்த அரைகுறைச் செய்தியை வைத்து ஹராம் என்று பரப்புவது பேணுதலன்று. நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று பொய்யுரைப்பதை திருமறை (16:116) கடிந்து தடுக்கிறது. அதே பாக்கெட்டில் ‘கோழிப் பொடி’, ‘மாட்டுக் கொழுப்பு’ என்று எழுதியிருந்து, முஸ்லிம் அல்லாதார் நாட்டில் செய்யப்பட்டு, அறுப்பு முறைக்கு எந்தச் சான்றும் இல்லையென்றால், அப்போது அஸ்லு மாறிவிடும். அதைத் தவிர்ப்பது கடமை. புதிதாக இஸ்லாத்திற்கு வந்தவர்கள் கொண்டுவரும் இறைச்சியைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணுமாறு கூறினார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை (புகாரீ) இதற்குச் சிலர் காட்டுவர். அங்கே கொண்டுவந்தவர்கள் முஸ்லிம்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் பரவிய ‘இ-631’ கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. சிப்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது, இந்த எண்ணே அதற்குச் சாட்சி என்று பல ஆண்டுகளாகக் கைப்பேசியில் செய்தி சுற்றுகிறது. இ-631 கொழுப்பே அன்று. டைசோடியம் இனோசினேட் என்ற உப்பு. நாவில் இறைச்சிச்சாறு போன்ற சுவையைத் தூண்டும். அதை மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம்; மரவள்ளி மாவு போன்றவற்றை நுண்ணுயிர் கொண்டு புளிக்கவைத்தும் எடுக்கலாம். எண் ஒன்றே, மூலம் இரண்டு. ஆகவே எண்ணைப் பார்த்து ஹராம் என்பதும் தவறு, ‘வெறும் உப்புத்தானே’ என்று தள்ளுவதும் தவறு. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இதே இனோசினேட்டை எடுத்துக்காட்டாகச் சொல்லி, உணவில் சேரும் ஒவ்வொரு பொருளும், அளவு எவ்வளவு குறைவாயினும், தாவரத்திலிருந்து வந்ததா, பிராணியிலிருந்து வந்ததா என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தது பசுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று. பயன் நமக்கும்தான்.

இந்தியப் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் பிராணியின் உறுப்பு எதுவும் அதில் இல்லை என்று கம்பெனி சட்டப்படி அறிவிக்கிறது. பொய்யானால் தண்டனை உண்டு. அஸ்லும் ஹலால், அறிவிப்பும் அதற்கு ஒத்தது. ஆகவே இ-631 பற்றிய ஐயத்திற்கு அங்கே இடமில்லை. ஆனால் பச்சை வட்டம் மதுவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மதுவும் தாவரத்திலிருந்துதானே வருகிறது!

மூலம் மாறினால் சட்டம் மாறுமா?

இங்கே நம் இரு மத்ஹபுகளும் பிரிகின்றன. ஹனஃபி மத்ஹபில், நஜீஸான பொருள் தன் தன்மை முற்றும் மாறி வேறு பொருளாகிவிட்டால் தூய்மையாகிவிடும். உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகிப் போவதை உதாரணமாகக் கூறுவர். இப்னு ஆபிதீன் (ரஹ்) அசுத்த எண்ணெயில் செய்த சோப்பையும் இதில் பேசுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் வாசல் குறுகியது. மது எதுவும் கலக்கப்படாமல் தானே காடியாவது, இறந்த பிராணியின் தோல் பதனிடுவது (நாயும் பன்றியும் நீங்கலாக) போன்ற சிலவே ஏற்கப்படும்.

இந்த வேறுபாடு ஏட்டில் மட்டும் உள்ளதன்று. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தோனேஷியாவில் ஒரு பெரும் குழப்பம் எழுந்தது. அஜினோமோட்டோ நிறுவனம் சுவையுப்பு தயாரிக்கும் நுண்ணுயிரை வளர்க்க உபயோகித்த ஊட்டப் பொருள், பன்றியிலிருந்து எடுத்த நொதியால் செய்யப்பட்டது என்று தெரியவந்தது. இறுதியில் கிடைக்கும் உப்பில் பன்றியின் சிறு துளியும் இல்லை. ஆயினும் அந்நாட்டு உலமா சபை ஹராம் என்றது. 2001 ஜனவரியில் கடைகளிலிருந்து சரக்கு திரும்பப் பெறப்பட்டது. அப்போதைய ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித், தாமே மார்க்கம் பயின்றவர், நஹ்ளத்துல் உலமாவின் தலைவராயிருந்தவர், முடிவுப் பொருளில் பன்றி இல்லை, ஆகவே ஹலால் என்றார். உலமா சபை தன் சொல்லை மாற்றவில்லை. நிறுவனம்தான் ஊட்டப் பொருளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஹலால் சான்று பெற்றது. பெரும்பான்மையோர் ஷாஃபிஈகளாயுள்ள நாடு அது என்பதை நினைத்தால் சபையின் பிடிவாதம் விளங்கும். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இந்த விஷயத்தில் ஜகார்த்தாவுக்கு அண்டை வீட்டார்தாம்.

பாலாடைக்கட்டிப் பொடி தூவிய பார்பிக்யூ சிப்ஸ் வேறொரு மஸ்அலா. பாலை உறையவைக்கும் நொதி கன்றின் வயிற்றிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். முறைப்படி அறுக்காத கன்றின் நொதி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் தூய்மை, ஷாஃபிஈயில் நஜீஸ். அமெரிக்காவில் பெரிய சிப்ஸ் நிறுவனம் ஒன்று, தன் சில பாலாடைச் சுவைகளில் பன்றி நொதி கொண்டு செய்த பொருள் உண்டு என்று தானே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அங்கே வாழும் நம்மவர், இறைச்சிப் பெயர் இல்லாததால் இதை அச்சமின்றி வாங்குகிறார்கள். அச்சப்பட வேண்டிய இடம் அதுவே.

விஸ்கி பார்பிக்யூவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். உண்மையான விஸ்கியோ அதன் பொடியோ சேர்ந்திருந்தால் கூடாது. மிகுதியில் போதை தருவதன் குறைந்த அளவும் ஹராம் என்பது ஹதீஸ் (அபூதாவூது, திர்மிதீ). மணப்பொருளைக் கரைக்க மட்டும் வேறு ஆல்கஹால் உபயோகித்து, அதுவும் ஆவியாகிவிட்ட பொருளில், திராட்சை, பேரீச்சையிலிருந்து எடுக்காததற்கு முஃப்தி தகீ உஸ்மானீ போன்ற இக்கால ஹனஃபி அறிஞர்கள் இடம் தருகிறார்கள். ஷாஃபிஈகள் தவிர்ப்பதே பேணுதல்.

பன்றி இல்லாத பன்றிச் சுவை

தம்பி கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பிரிட்டனில் விற்கும் ‘புகையூட்டிய பன்றியிறைச்சிச் சுவை’ சிப்ஸ் பலவற்றில் பன்றியே இல்லை. சைவ உணவுக்காரர் உண்ணும்படி ஈஸ்டும் புகையும் கொண்டே செய்கிறார்கள். பொருளைப் பார்த்தால் ஹராம் எங்கேயும் இல்லை. உண்டவர் நஜீஸை உண்டவராகமாட்டார். ஆனாலும் இந்தோனேஷிய உலமா சபை 2003-இல் அளித்த ஃபத்வாவில், விலக்கப்பட்டதன் சுவையையும் மணத்தையும் போலச் செய்த உணவை உண்ணலாகாது என்றே சொல்லி, பன்றிச் சுவை நூடுல்ஸையும் பேக்கன் சுவையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மலேசியாவில் 2016-இல் ‘ஹாட் டாக்’ என்ற பெயரையே மாற்றும்படி ஹலால் சான்று தரும் அதிகாரிகள் கேட்டனர். நாயே இல்லாத உணவுக்கு நாயின் பெயர் எதற்கு என்பது அவர்கள் வாதம். உலகம் சிரித்தது. பெயர் விஷயத்தில் அவர்கள் சற்று அதிகம் போனார்கள் என்றுதான் நமக்கும் தோன்றுகிறது. சுவை விஷயத்தில் அப்படித் தோன்றவில்லை. பன்றியின் சுவை எப்படியிருக்கும் என்று நாவைப் பழக்குவதில் ஒரு முஸ்லிமுக்கு என்ன ஆதாயம்? பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. ஆனால் தன் வேலையில் அதைச் சுவைத்தவனை ஹராம் உண்டவன் என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை.

பெயரில்லாத கிண்ணங்கள்

இப்போது தம்பியின் முடிச்சுக்கு வருகிறோம். கிண்ணத்தில் எண் மட்டும் இருக்கிறது. ஆறில் ஒன்றில் பன்றி. எது என்று தெரியாது. ஊகித்துச் சுவைக்கலாமா?

இதற்கு நேரான மஸ்அலா நம் கிதாபுகளில் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், சுத்தமான தண்ணீரும் அசுத்தமாகிவிட்ட தண்ணீரும் இரு பாத்திரங்களில் குழம்பிவிட்டால், அடையாளங்களைக் கொண்டு ஆய்ந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஏனெனில் இரண்டும் மூலத்தில் சுத்தமானவை. ஆனால் தண்ணீரும் சிறுநீரும் குழம்பினால், அல்லது அறுத்த ஆடும் செத்த ஆடும் குழம்பினால் ஆய்வுக்கு இடமில்லை. எல்லாவற்றையும் விட வேண்டும். சுத்தம் என்ற மூலமே இல்லாத பொருள் ஒன்று அதில் இருக்கிறதல்லவா? ஹனஃபி மத்ஹபில் ‘ஹிதாயா’வின் இறுதிப் பகுதியில் வருவது சற்று விரிவு. அறுத்தவை அதிகமாயும் செத்தவை குறைவாயும் இருந்தால் ஆய்ந்து உண்ணலாம். சமமாகவோ செத்தவை அதிகமாகவோ இருந்தால் உண்ணலாகாது.

பன்றிப் பொடி மூலத்திலேயே நஜீஸ். ஆகவே ஷாஃபிஈயான தம்பிக்கு, பன்றி கலந்த கிண்ணம் ஒன்றுண்டு என்று தெரிந்த அமர்வில் எந்தக் கிண்ணமும் கூடாது. ஹனஃபிக்கும் ஆய்வு என்பது அடையாளம் கண்டு முடிவு செய்வது. அடையாளத்தை மறைப்பதையே நோக்கமாகக் கொண்டு எண் ஒட்டிய இடத்தில் ஆய்வுக்கு எதைப் பற்றிக்கொள்வது? அவரும் விலகுவதே நேர்.

அப்படியானால் வேலையை விட வேண்டுமா? வேண்டாம். இதற்கு வழி அந்தத் தொழிலிலேயே இருக்கிறது. நிலக்கடலை ஒவ்வாதவர், பால் ஒவ்வாதவர் என்று சுவை பார்ப்போரிடம் முன்கூட்டியே கேட்டு, அவருக்கு ஒவ்வாத பொருள் வரும் அமர்வில் அவரை உட்காரவைக்காமல் இருப்பது அங்கே நடைமுறை. எந்த எண்ணில் எது என்பதைச் சொல்லாமலே, இன்றைய அமர்வில் பன்றி, மது, அறுப்பு முறை தெரியாத இறைச்சி உண்டா இல்லையா என்பதைச் சொல்லிவிட முடியும். தம்பி தமக்கு இவை ஒவ்வாது என்று எழுத்தில் கொடுக்கட்டும். வெட்கப்பட எதுவுமில்லை. கம்பெனி மறுத்து, தெரிந்தே பன்றியைச் சுவைத்தால்தான் வேலை என்று சொல்லுமானால், அப்போது வேறு வேலை தேட வேண்டும். அந்த நிலை இன்னும் வரவில்லை.

துப்பிவிட்டால் கூடுமா என்ற கேள்விக்கு விடை, பன்றியில் கூடாது என்பது. விழுங்குவது மட்டுமே ஹராம் என்று எண்ணுகிறார் போலும். தேவையின்றி நஜீஸை உடலில் பூசிக்கொள்வதே கூடாது. ஈரமான வாய் அதைவிடப் பெரிது.

நடந்துபோனதற்கு என்ன செய்வது? அறியாமல் உண்டதில் பாவமில்லை. தவறுதலாக நிகழ்வது இந்த உம்மத்துக்கு மன்னிக்கப்பட்டது. ஆனால் சுத்தம் தனிச் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் பன்றி பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த நீராக இருக்க வேண்டும். தம்பி இந்த ஒரு மாதத்தில் ஒளூவில் எத்தனையோ முறை வாய் கொப்பளித்திருப்பார். மண் கலந்தது மட்டும் இருந்திராது. சுத்தமான மண்ணைச் சிறிது நீரில் கலந்து கொப்பளித்து, அதையும் சேர்த்து ஏழு முறை கழுவிவிடட்டும். ஐந்து நிமிட வேலை. அதுவரை தொழுத தொழுகைகளை, மத்ஹபின் வலுவான சொற்படி, திரும்பத் தொழ வேண்டும். அறியாமல் நஜீஸுடன் தொழுதவர் மீட்ட வேண்டியதில்லை என்ற சொல்லும் உண்டு. ஆதாரத்தைப் பார்த்து இமாம் நவவீ (ரஹ்) அதன் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். ஒரு மாதத் தொழுகை பெரும் சுமையல்ல; ஒவ்வொரு ஃபர்ளோடும் ஒன்றாக மீட்டிவிட்டால் மனம் அடங்கும். இயலாவிடில் இரண்டாம் சொல்லைப் பற்றிக்கொண்டதற்காக எவரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

குறைந்த மதிப்பெண் இடுவது

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை; விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லாவிடில் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரீ, முஸ்லிம்). உப்பு அதிகம், புளிப்பு, நீர்த்துப் போயிற்று, வேகவில்லை என்பனவெல்லாம் குறை கூறுவதில் சேரும் என்று இமாம் நவவீ (ரஹ்) உரையில் எழுதுகிறார்கள். தம்பியின் படிவத்தில் இருப்பவை இவையேதாம்! உப்பு அதிகமா, மொறுமொறுப்புக் குறைவா, புகை மிகையா என்று.

இப்னு ஹஜர் (ரஹ்) ‘ஃபத்ஹுல் பாரீ’யில் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுகிறார்கள். படைப்பிலுள்ள தன்மையைக் குறை கூறுவதுதான் மக்ரூஹ், மனிதன் சமைத்ததிலுள்ள குறையைச் சொல்வது மக்ரூஹ் அன்று என்பது சிலர் கூற்று. ஆனால் இரண்டுமே தவிர்க்கத்தக்கவை என்பதே தமக்குத் தோன்றுகிறது, ஏனெனில் சமைத்தவரின் மனம் உடைந்துபோகும் என்று கூறுகிறார்கள். அந்தக் காரணத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டில் மனைவி சமைத்ததை உதட்டைப் பிதுக்கித் தள்ளுபவனைப் பற்றியது அது. இங்கே சமைத்தவனே கூலி கொடுத்து, ‘குறை எங்கே என்று சொல்’ என்று கேட்கிறான். சொன்னால் அவன் மனம் உடையாது; சொல்லாவிட்டால்தான் அவன் ஏமாந்து போவான். இது ஆலோசனை கேட்கப்பட்டவரின் அமானிதம். முதலாளி வருந்துவாரே என்று ஐந்துக்கு எட்டு போடுவது பொய்ச் சாட்சி. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து மேலே காய்ந்ததைக் காட்டிய வியாபாரியை நபி (ஸல்) கண்டித்த ஹதீஸ் (முஸ்லிம்) இதற்கும் பொருந்தும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது வேறு, ‘இது மோசம்’ என்பது வேறு. மைமூனா (ரலி) அவர்கள் வீட்டில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்க, இல்லை, தம் சமூகத்தார் நிலத்தில் இது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் (ரலி) இழுத்து வைத்து உண்டார்கள். நபி (ஸல்) பார்த்துக்கொண்டிருந்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). பழக்கமில்லாத சுவையை நேர்மையாக மதிப்பிடுவதற்கு இதைவிட நல்ல பாடம் எது? தம் மனநிலையைச் சொன்னார்கள், உணவின் மேல் பழி போடவில்லை, விரும்பியவரைத் தடுக்கவுமில்லை. தம்பியின் ஒன்பது படிகளும் விரும்புகிறேன், வெறுக்கிறேன் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. நல்லது, கெட்டது என்றல்ல. அதை வகுத்தவர் ஹதீஸைப் படித்தவரல்லர்; ஆயினும் சரியாக வகுத்திருக்கிறார். நாம் வாங்கிய நான்கில் தேன் பார்பிக்யூ நமக்கு ஒப்பவில்லை. மத்ரஸா மாணவர்கள் அதைத்தான் முதலில் காலி செய்தார்கள்.

அந்த மாணவர்களில் இருவர் அப்படியே அஸருக்கு வந்து நின்றார்கள். பூண்டும் வெங்காயமும் உண்டவர் பள்ளிக்கு வரலாகாது என்ற ஹதீஸ் அவற்றின் வாடைக்காகச் சொல்லப்பட்டது. வறுத்த பொடியில் பச்சைப் பூண்டின் வாடை இராது என்றாலும், முதல் ஸஃப்பில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். வாய் கொப்பளித்துவிட்டு வருவது சிரமமா?

ரமளானில்

நோன்பாளி உணவைச் சுவை பார்ப்பது, தொண்டைக்குள் இறங்காதவரை நோன்பை முறிக்காது. தேவையின்றிச் செய்தால் மக்ரூஹ். தேவை இருந்தால் மக்ரூஹும் இல்லை என்று ஃபுகஹாக்கள் எழுதுகிறார்கள். சமையலில் உப்புக் குறைந்தால் சீறும் கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணையும், விலைக்கு வாங்கும் பொருளில் ஏமாறக்கூடும் என்று அஞ்சுபவரையும் இதற்கு உதாரணம் காட்டுவர். சம்பள வேலையும் தேவையே என்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் சிப்ஸில் ஒரு தொல்லை உண்டு. குழம்பை நாநுனியில் வைத்துத் துப்பிவிடலாம். சிப்ஸை மென்றாக வேண்டும். மாவு பல்லிடுக்கில் தங்கும், பொடி உமிழ்நீரில் கரையும். பிற பொருள் கலந்து மாறிய உமிழ்நீரை விழுங்கினால் ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பு முறியும். ஒரு நாளில் பத்துக் கிண்ணம் மென்று, ஒன்றும் உள்ளே போகவில்லை என்று யார் உறுதி கூற முடியும்? ஆகவே அந்த ஒரு மாதத்திற்கு எடைபோடும் வேலையோ கணக்கெடுக்கும் வேலையோ கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அல்லது அந்த மாதம் விடுப்பு எடுக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி அம்மையாருக்கு ஒரு சொல். தங்கள் மகன் ஊதியம் பெறுவது கிழங்கையும் மிளகாயையும் சுவைத்து உண்மை சொல்வதற்கு. அந்த வேலை ஆகுமானது. அதனிடையே அறியாமல் ஹராமான ஒன்று வந்துவிட்டதால் முழு ஊதியமும் ஹராமாகிவிடாது. மனம் சஞ்சலப்பட்டால் அந்த ஓர் அமர்வின் கூலியைக் கணக்கிட்டு, தம் நன்மையை நாடாமல், ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மற்றதைத் தாங்கள் வாங்கிக்கொள்ளலாம். தனியே வைத்திருக்கும் பணத்தைத் தம்பி இந்த வாரமே அனுப்பிவைக்கட்டும்.

வல்லாஹு அஃலம்.